மூணு விசிலுக்கு எத்தனை நிமிஷம்

காது போகிறவனுக்கு முதலில் குருவிச் சத்தம் போகும். அப்புறம் குக்கர் விசில் போகும். ஆர்.கே.பேட்டையில் முப்பத்திரண்டு வருஷம் பவர்லூம் ஓட்டிய எனக்கு இதை டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆம்பளைக் குரல் பக்கத்தில் வந்து பேசினால் இன்றைக்கும் கேட்கும். கீச்சென்று வருகிற எதுவும் என்னிடம் வந்து சேராது.

என் சம்சாரம் கோமளவல்லி இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. விசிலை அவள் கேட்டாள், சோற்றை நான் தின்றேன். போன ஆடியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் ஏழு மாதத்தில் இரண்டு குக்கரைக் கருக்கினேன். இரண்டாவது தடவை தெருவே திரண்டு வந்து கதவை இடித்திருக்கிறது. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மகள் சினேகா அம்பத்தூரிலிருந்து ஓடி வந்தாள். கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கரண்ட் அடுப்பை வாங்கி வைத்தாள்.

"இதுக்கு டைமர் போட்டுக்கோ நைனா. இல்லன்னா என்கூட கெளம்பு" என்று காதருகே கத்தினாள்.

அவள் வீட்டில் இருப்பது ஒரே ரூம். மாப்பிள்ளை நைட் டூட்டி பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவர். நான் டைமரே போதும் என்றேன்.

எலக்ட்ரீஷியன் தணிகைமணி வந்து அடுப்புக்கும் பிளக்குக்கும் நடுவில் ஒரு பெட்டியை மாட்டினான். குமிழைத் திருகி இத்தனை நிமிஷம் என்று வைத்தால், அது முடிந்ததும் கரண்ட் தானாக நின்றுவிடும்.

"சோத்துக்கு எத்தினி நிமிஷம் வெக்கட்டும்?" என்று கேட்டான்.

"மூணு விசில்."

"விசில் கணக்கு இதுக்குத் தெரியாதுங்க. நிமிஷமா சொல்லுங்க."

எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் என்ன, இந்தத் தெருவிலேயே யாரும் நிமிஷம் பார்த்துச் சமைத்ததில்லை. சோறு மூணு, பருப்பு அஞ்சு, கடலை எட்டு. சமையல் சாஸ்திரமே அவ்வளவுதான்.

"காது கேக்கறவங்க யாரையாவது ஒரு தபா உக்கார வெச்சி, மணி பாத்து செவுத்துல எழுதிக்கோங்க. அப்பால யார் தயவும் உங்களுக்கு வேணாம்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

எதிர்வீட்டு ஜெயம்மாவைக் கேட்டேன். முருகன் கோயில் மலையடிவாரத்தில் பூ விற்கிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கோமளாவின் காரியம் முடிந்த பிறகு அவள் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. ஆம்பளை தனியாக இருக்கிற வீடு. அவளைக் குறை சொல்ல முடியாது. விஷயத்தைச் சொன்னதும் பூக்கூடையோடு வந்தாள்.

சமையலறை வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே, விசில் வரும்போதெல்லாம் ஒரு விரலைக் காட்டினாள். நான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியவன், அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முல்லை விலை, மருமகள் சண்டை, கே.ஜி.கண்டிகை பஸ் வராதது, எல்லாம் சொன்னாள். பாதி புரிந்தது. மீதிக்கு ஆங், ஆங் என்றேன். மூன்றாவது விரல் வந்தபோது பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. சுவரில் "சோறு 18" என்று எழுதினேன்.

"பருப்பையும் இப்பவே பாத்துடலாமாண்ணா?"

"பருப்பு தீந்துபோச்சிம்மா" என்றேன். டப்பாவில் ஒரு கிலோ இருந்தது.

ஒரே சாயங்காலத்தில் முடிய வேண்டிய வேலையை இப்படி ஒரு வாரத்துக்கு இழுத்தேன். ஒரு நாள் பருப்பு, ஒரு நாள் உருளைக்கிழங்கு, ஒரு நாள் பச்சைப்பயறு. கடலை ஊறப்போட்ட அன்று கிருத்திகை. காவடிக் கூட்டத்துக்குப் பூக் கட்டவே அவளுக்கு நேரம் போதவில்லை, வரவில்லை. மறுநாள் முளைவிட்டு நின்ற கடலையை வேகவைத்தோம். எட்டாவது விசிலுக்கு முப்பத்தைந்து நிமிஷம். நான் எழுதி முடித்ததும் அவள் சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"எல்லாம் முடிஞ்சிதுண்ணா. இனிமே நீங்க பாட்டுக்கு ஆக்கிக்கலாம்."

"ஆங்" என்றேன்.

மறுநாள் தனியாகச் சோறு வைத்தேன். பதினெட்டு நிமிஷத்தில் கரண்ட் நின்றது. சோறு அத்தனை பதம். ஒரு பருக்கை அடிப்பிடிக்கவில்லை. போட்டோ எடுத்து சினேகாவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தப் பெட்டிமேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? ஒரு நாளாவது கெட்டுத் தொலைய மாட்டாயா என்று அதை வாய்விட்டே திட்டினேன். அது ஒழுங்காக வேலை செய்தது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கஜபதி மளிகைக்குப் போய், வேகவைக்கிற சாமான் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். மொச்சை இருக்கிறது என்றான். கால் கிலோ வாங்கி வந்து ஊறப்போட்டேன். மறுநாள் நாலு மணிக்குக் கிண்ணத்தோடு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஜெயம்மா பாதிக் கட்டிய சரத்தோடு வந்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருந்தார்கள்.

"மொச்சைக்கு எத்தினி நிமிஷம்னு தெரியல. வந்து பாக்கிறியா?"

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று கிட்டத்தில் வந்து சத்தமாகவே சொன்னாள்.

"கடலைக்கு வெக்கிற மாதிரியே வெச்சிடுங்கண்ணா. ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

நன்றாகக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றிருக்கலாம். அவள் அதையே இன்னொரு தடவை சொல்லியிருப்பாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து குமிழை முப்பத்தைந்தில் வைத்தேன். அவள் சொன்னபடியே வெந்தது. மொச்சை எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கோமளா அதை வாங்கியதே இல்லை. தட்டு நிறையப் போட்டு முழுவதையும் தின்றேன். பிடிக்காததை ஏன் தின்கிறாய் என்று கேட்க வீட்டில் ஓர் ஆளாவது வேண்டும்.