புதன்கிழமைக் கட்டத்தில் ஒரு நாலு

எனக்கு வாரத்தில் ஒரு நாள் கல்லூரி, மற்ற நாளெல்லாம் வேலை. மருந்துக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்குகிற ஏற்பாடு. கட்டணம் கம்பெனி கட்டும். கேட்பவர்களெல்லாம், "அடேங்கப்பா, சம்பளமும் வருது, படிப்பும் வருதா!" என்று வாயைப் பிளப்பார்கள். போகிற தூக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. "உன்கிட்ட பேசணும்னா டோக்கன் வாங்கணும் போல" என்பார் என் கணவர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

கிடங்கில் இன்சுலின் வைக்கும் பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்று உண்டு. தினமும் காலையில் அதன் கதவில் தெரியும் குளிர் அளவைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும்; இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்தால்தான் மருந்து கெடாது. எழுதுவது நான், சரிபார்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது ஸ்டோர் அக்கா. புதன்கிழமை எனக்குக் கல்லூரி என்பதால் அன்று இரண்டும் அக்கா பொறுப்பு. "நீ மேனேஜரானதும் எனக்கு ஜன்னல் ஓரமா ஒரு சீட் போடணும், ஆமா!" என்பார். சில புதன்களில் நானே வழியில் இறங்கி, அளவை எழுதிவிட்டுக் கல்லூரிக்கு ஓடுவதும் உண்டு.

அன்று செவ்வாய். பாடப் பயிற்சிக்காக ஒரு முழு வார ஃப்ரிட்ஜ் தாளைப் படமெடுத்து மாலை ஐந்துக்குள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். பழைய தாள்கள் தலைமை அலுவலகம் போய்விட்டிருந்தன. முன்பே ஒன்றைப் படமெடுத்து வைத்திருக்கலாம். புத்தி கெட்டவள், மறந்துவிட்டேன். எங்கள் தாள் வியாழனில் தொடங்கிப் புதனில் முடியும். ஒரே ஒரு கட்டம்தான் காலி. மணி நாலே முக்கால், வெளியே லாரி ஹாரன் அடிக்கிறது. மறுநாள் புதனுக்கான கட்டத்தில் ஒரு நாலை எண்ணில் எழுதினேன். கூட வேலை பார்ப்பவர்களின் கையெழுத்து தெரியக்கூடாது என்பது கல்லூரி விதி. அந்த வரிசையை ஸ்கேலால் மறைத்துப் படமெடுத்து அனுப்பினேன். சரக்கு இறக்கப் போனவள், எழுதியதை அழிக்க அடியோடு மறந்துபோனேன்.

அன்றிரவு ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. வியாழன் காலையில் நான் பார்த்தபோது பதினாறு டிகிரி; செவ்வாய் இரவே நின்றுவிட்டது என்றார் மெக்கானிக். அத்தனை இன்சுலினும் குப்பைக்கு. தாளில் புதன் கட்டத்தில் என் நாலு, பக்கத்தில் அக்காவின் கையெழுத்து.

"நம்பர் ஏற்கெனவே எழுதியிருந்துச்சு சார். இவ வந்து எழுதிட்டுப் போயிருக்கான்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார் அக்கா.

"அவ அன்னிக்குக் காலேஜ்ல. பின்ன பேயா வந்து எழுதுச்சு?" என்றார் மேனேஜர்.

அக்கா என்னைப் பார்த்தார். "புதன்கிழமை நீ வந்தியாம்மா?"

"இல்லக்கா. வரல."

ஒரு பொய் இல்லை அதில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உண்மையே போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பொய்ப் பதிவு என்று தெரிந்தால் வேலையும் படிப்பும் ஒரே நாளில் போகும். வாயை மூடிக்கொண்டேன். அக்கா நெற்றியைத் தேய்த்தபடி, "அப்ப நான்தான் எழுதினேனா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். விசாரணை அடுத்த புதன் மூன்று மணிக்கு, அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். சீ, இப்படியும் ஒரு பிழைப்பா!

அந்தப் புதன், வகுப்பில் விரிவுரையாளர் என் படத்தைத் திரையில் போட்டார். "பாருங்க, ஒரு கட்டம்கூடக் காலியா இல்ல. பதிவுன்னா இப்படி இருக்கணும்" என்றார். வகுப்பே கைதட்டியது. எழுந்து நின்றேன்.

"சார், கடைசித் தேதியைப் பாருங்க. அது புதன்கிழமை. நான் அனுப்பினது செவ்வாய்க்கிழமை."

அவர் திரையைப் பார்த்தார். "அப்ப இந்த நாலு?"

"நானா இட்டுக்கட்டிப் போட்டது, சார்."

வெளியே வந்து படத்தையும், அதை அனுப்பிய நாளையும் நேரத்தையும் மேனேஜருக்கு அனுப்பினேன். அப்போது மணி இரண்டு. அரை மணி நேரத்தில் அக்காவிடமிருந்து போன். திட்டட்டும், செருப்பால் அடித்ததுபோல் நாலு வார்த்தை கேட்கட்டும் என்று எடுத்தேன்.

"மேனேஜர் சொன்னார்" என்றார். "அப்ப அதை நான் எழுதல, இல்ல?"

"இல்லக்கா."

"மறதி நோய் வந்துருச்சோன்னு நேத்து டாக்டர்கிட்ட போய் உக்காந்திருந்தேன்டி. தலைய ஸ்கேன் பண்ணச் சொல்லியிருக்கார்" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அழுதார்.