நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு

நான்காவது மாடியில் ஜன்னலுக்குக் கண்ணாடி போடும்போது விழுந்து நினைவில்லாமல் கிடந்த கண்ணாடிக்காரன், தன் மனைவி நடந்தால் மட்டுமே சொந்தமாக மூச்சு விடுகிறான் என்பது மருத்துவமனையில் மூன்றாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் வராந்தாவில் நடந்தால் இயந்திரத்தில் பச்சைக் கோடு எழும்பும். நாற்காலியில் உட்கார்ந்தால் படுத்துவிடும். பெரிய டாக்டர் அவளை நாலு தடவை நடக்கவும் உட்காரவும் சொல்லிப் பார்த்தார். பிறகு கோப்பில் ‘பிற குறிப்புகள்’ என்ற இடத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி புறப்படும் நேரம் சொல்பவள். இருபது வருடமாக உட்கார்ந்தே செய்யும் வேலை. நடைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். உறவுக்காரர் வீட்டு விருந்துக்கு அவள் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தபோது, “இவளைத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட அனுப்பினா, தீயே சலிச்சுப்போய் அணைஞ்சிடும்” என்றான் கண்ணாடிக்காரன். கூடம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எட்டு மாதம், அவன் விழுந்த நாள் வரைக்கும், அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் குரலைக் கேட்கவேண்டும் போலிருந்தால் அவன் வேலை முடிந்து பேருந்து நிலையத்துக்குப் போய், தான் போகாத ஊர்களின் நேரங்களையெல்லாம் கேட்டுவிட்டு வீடு திரும்புவான். இதைப் பத்திரிகைக் கடைக்காரர் அவளிடம் சொன்னபோது அவன் விழுந்து இரண்டு வாரமாகியிருந்தது. அவள் அழக்கூட உட்காரவில்லை, நடந்துகொண்டேதான் அழுதாள்.

ஐந்தாம் மாதம் பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். “மெஷினே இப்ப நுரையீரலைக் கெடுக்குதும்மா. இன்னும் ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தாகணும். எடுத்த அன்னிக்குக் காலைலேருந்து ராத்திரி வரைக்கும் தானா மூச்சு விட்டுட்டார்னா பிழைச்சுக்குவார்.”

“நான் நடக்கறேன்.”

“அங்கதான் சிக்கல். நீங்க நடந்து நடந்து அவருக்குச் சலிச்சுப்போச்சு.”

உண்மைதான். சில வாரங்களாக, அவள் எவ்வளவு நடந்தாலும் மதியத்துக்கு மேல் கோடு தளர்ந்தது. மாடிப்படி ஏறினால் சற்று எழும்பியது. பிறகு அதுவும் பழகிவிட்டது. புதிது புதிதாக ஏதாவது வேண்டியிருந்தது அவன் நெஞ்சுக்கு. அப்போதுதான் வார்டு நர்ஸ் தன் அண்ணன் கலந்துகொள்ளும் ஒரு போட்டியைப் பற்றிச் சொன்னாள். விடிந்ததும் கடலில் நாலு கிலோமீட்டர் நீச்சல், கரையேறி நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் பதினேழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

“நடுவுல உட்கார மாட்டாங்களா?”

“உட்கார்ந்தா நேரம் போயிடும்க்கா.”

“அப்ப சரி. பேர் குடுக்கணும்” என்றாள் அவள். அவளுக்கு நீச்சல் தெரியாது. சைக்கிளைச் சின்ன வயதில் விட்டது.

பத்து மாதம் பழகினாள். நீச்சல் குளத்துக் காவலாளி முதல் வாரம் மட்டும் அவளை ஆறு முறை வெளியே இழுத்துப் போட்டார். “தண்ணிக்கு உங்க மேல ஒரு கோபமும் இல்லம்மா, நீங்கதான் அதைப் போட்டு அடிக்கறீங்க” என்றார். கால் நகங்கள் கழன்றன. ஒலிபெருக்கியில் அவள் குரல் இரைத்தது. பயணிகள் நேரமாகிவிட்டதென்று பயந்து ஓடினார்கள்.

போட்டியன்று காலை ஆறு மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. அதே ஆறு மணிக்கு டாக்டர் இயந்திரத்தை எடுத்தார். கடலில் கடைசி ஆளாக நீந்தினாள். உப்புத் தண்ணீரை விழுங்கிக்கொண்டே, “கேக்குதா, நான் வந்துக்கிட்டிருக்கேன்” என்று அவனோடு பேச ஆரம்பித்தாள். மருத்துவமனையில் அவன் தலையணை நனைந்தது. நர்ஸ் மூன்று முறை உறை மாற்றினாள்; மூன்றாவதில் மணல் இருந்தது.

போட்டியில் கைப்பேசிக்கு அனுமதி கிடையாது. ஆகவே நர்ஸ் போட்டி அலுவலகத்துக்குச் சொல்ல, அலுவலகம் தண்ணீர்ப் பந்தல்களுக்குச் சொல்ல, பந்தலில் நிற்பவர்கள் வாழைப்பழத்தோடு சேர்த்து அவளுக்குக் கணக்கும் சொன்னார்கள். “நிமிஷத்துக்குப் பதினாலு!” சைக்கிளில் நூறாவது கிலோமீட்டரில் பன்னிரண்டு. எதிர்க்காற்றில் பத்து. அவள் நின்று மிதித்ததும் மறுபடி பதிமூன்று. ஓட்டத்தில் முதல் இருபது கிலோமீட்டர் தாங்கியது. அப்புறம் இறங்கியது. ஒன்பது. எட்டு. பந்தல்காரர்கள் எண்ணைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முப்பத்தோராவது கிலோமீட்டரில் நின்ற பெண் வாழைப்பழத்தை மட்டும் நீட்டினாள்.

“சொல்லுங்க.”

“ஆறுக்கா.”

அவள் வேகமாக ஓடப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. பின்பக்கமாக ஓடினாள், தவழ்ந்தாள், கையை மட்டும் நீந்துவதுபோல் வீசினாள். “போயிடாதீங்க, ஒரே ஒரு தடவை உங்களோட பேசிட்டேன்னா போதும்” என்றாள். பிறகு தாரில் முகம் குப்புற விழுந்தாள். நடுவர் குனிந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். மூச்சு இல்லை.

அதே நேரத்தில் மருத்துவமனையில், பதினைந்து மாதமாக அசையாமல் கிடந்தவனின் கால்கள் போர்வைக்குள் ஓடத் தொடங்கின. முதலில் மெதுவாக, பிறகு கட்டில் சக்கரங்கள் உருளும் அளவுக்கு. நர்ஸ் ஒரு கணம் பார்த்தாள். பிறகு போர்வை காலில் சிக்காமல் உருவிவிட்டு, கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “ஓடுங்கண்ணே” என்றாள்.

சாலையில் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. யாரும் தொடாமல் எழுந்தாள். மீதிப் பதினோரு கிலோமீட்டரை இரண்டு பேரும் ஓடினார்கள். நேரம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது அவள் எல்லைக்கோட்டைத் தாண்டினாள். நடுவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘வெளியாள் உதவி எதுவும் இல்லை’ என்று தாளில் எழுதினார்.

மூன்றாம் நாள் அவன் கண் திறந்தான்.

“கால் வலிக்குது” என்றான்.

“எனக்குந்தான்” என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. இருவரில் ஒருவர் நடந்தால்தான் இருவருக்கும் மூச்சு. முறை வைத்துக்கொண்டார்கள். பகலில் அவள்; நிலையத்தில் ஒலிபெருக்கியை நடந்துகொண்டே பேசும்படி மாற்றிக் கொடுத்தார்கள். இரவில் அவன். அதற்குப் பிறகான பத்தொன்பது வருடத்தில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டதில்லை. ஆனால் ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே பேசுவார். பேச்சு நின்ற நாளில்லை.

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், மேலே எந்நேரமும் யாரோ நடக்கிறார்களே என்று கேட்டார்கள். “நடக்கலைன்னா சொல்லுங்க, உடனே ஓடி வர்றேன்” என்றார் வீட்டுக்காரர். ஒரு வாரத்தில் அவர்களும் அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகிக்கொண்டார்கள்.