அரிசி அளவில் ஐந்து துணுக்குகள்

என் கணவர் ருவல்குமா அய்ஸாலுக்கும் சம்பாய்க்கும் இடையே சுமோ ஓட்டுகிறார். எட்டு வருடமாக அவருக்குச் சாப்பாடு ஒழுங்காகச் செரித்ததில்லை. நாலு வாய் சோறு இறங்கியதும் மேல்வயிறு உப்பிவிடும், ஏப்பம், எரிச்சல். நானோ மருத்துவமனை ஆய்வகத்தில் நாள் முழுக்கப் பிறத்தியார் வயிற்றுச் சதையை மெழுகில் பதித்துச் சீவுகிறவள். கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

“வயித்துல காத்து, அவ்வளவுதான். உனக்கு எவன் வயித்தப் பாத்தாலும் சீவணும்,” என்பார். துய்பூர் பாட்டிலைத் திறந்து, அந்தப் புகையிலைத் தண்ணீரை ஒரு வாய் அதக்கிக்கொண்டு வண்டியை எடுப்பார்.

வழியில் செலிங் பக்கம் ஒருநாள் பயணிகள் பார்க்கச் சாலையோரம் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார். கேமரா விட்டுப் பார்த்து, சோதிக்க வயிற்றுச் சதையையும் கிள்ளி எடுத்தார்கள்.

மறுநாள் காலை ஆய்வகத்துக்கு வந்த குப்பிகளில் ஒன்றில் அவர் பெயர் இருந்தது. அரிசி அளவில் ஐந்து துணுக்குகள். வேறு ஆளில்லை, நானே சீவினேன். வேறு யாருடையதையோ சீவுவது போலவே இருந்தது. அதுதான் வருத்தமாக இருந்தது.

எங்கள் ஆய்வக டாக்டர் ஹ்மிங்கி கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“வா ருவாத்தி, நீயே பாரு.”

குடலில் மட்டுமே இருக்க வேண்டிய செல்கள், வயிற்றின் உட்சுவரில் திட்டுத் திட்டாக இருந்தன. கிருமியும் இருந்தது.

“புத்துநோய் இல்லம்மா. ஆனா வயித்துத் தோல் குடல் மாதிரி மாற ஆரம்பிச்சிருக்கு. கிருமிய மாத்திரையில கொன்னுடலாம். மாறினது அநேகமா பழையபடி ஆகாது. அப்பப்போ பாத்துக்கணும். புகையில, புகை போட்ட கறி, எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு.”

“நான் சொன்னா கேப்பாரா?”

“எங்க வீட்டுல மட்டும் கேக்கிறாங்களாக்கும்?”

வீட்டில் சொன்னேன். அடுப்புக்கு மேல் தொங்கிய பன்றிக்கறியை அவர் ஒருமுறை பார்த்தார்.

“புத்து இல்லல்ல? அப்புறம் ஏன், மாவியா அம்மா, மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?” என்றார், வழக்கம்போல மகன் பெயரை வைத்து என்னைக் கூப்பிட்டு.

“தூக்கம் வருது.”

பதினாலு நாளும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டார். துய்பூரையும் விட்டார். எரிச்சல் குறைந்தது. மூன்றாம் மாதம் வண்டி இருக்கைக்கு அடியில் புதுப் பாட்டிலைக் கண்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

“மார்ச்சுல மறுபடி கேமரா. வரலன்னா வண்டிக்கு முன்னாடி வந்து படுத்துக்குவேன்.”

“வரேன், வரேன். ஆளுங்க பாக்கிறாங்க, வீட்டுக்குப் போ.”

சொன்னபடி மார்ச்சில் வந்தார். திட்டுகள் பெருகவும் இல்லை, குறையவும் இல்லை. “அடுத்த வருஷம் பாக்கலாம்,” என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த குப்பியைத் திறந்தேன்.