ஐம்பத்தெட்டாம் பக்கத்துக்கு வழி

மாதப் பத்திரிகை ஒன்றில் எனக்கு வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பொருளடக்கப் பக்கம் செய்கிறேன்" என்பேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். இத்தனைக்கும் கடையில் புத்தகத்தைக் கையில் எடுக்கிற எவரும் அட்டையைப் பார்த்த கையோடு என் பக்கத்துக்குத்தான் வருகிறார்கள். அங்கே மனசு ஒட்டாவிட்டால் புத்தகம் எடுத்த இடத்துக்கே போய்விடும். இது ஆசிரியருக்கும் தெரியும். ஆனாலும் பாராட்டு எல்லாம் அட்டை போடுகிறவருக்குத்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைப்பானேன்.

மற்ற பக்கங்கள் எல்லாம் முடிந்து, எது எந்த எண்ணில் வருகிறது என்று உறுதியான பிறகுதான் என் வேலை தொடங்கும். எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு பிற்பகல். அதிலும் பாதியைச் சோதனைக்கு ஒதுக்கிவிடுவேன். பக்கத்தை அச்செடுத்து, இதழை இன்னும் பார்க்காத ஐந்து பேரிடம் கொடுத்துவிட்டு, போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவர்கள் விரலைக் கவனிப்பேன். எதைப் படிப்பீர்கள் என்று வாய்விட்டுக் கேட்டால் எல்லோரும் பொருளாதாரக் கட்டுரை என்பார்கள். விரல் மட்டும் நேராகக் கேள்வி-பதிலுக்குப் போகும்.

இந்த முறை எனக்கு ஒரு சங்கடம். ஐம்பத்தெட்டாம் பக்கக் கட்டுரையை எழுதியவர் என் அத்தான், அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருடமாக எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறார், முதலில் அனுப்பிய நாலு கட்டுரையும் திரும்பி வந்துவிட்டன. ஐந்தாவதை எங்கள் ஆசிரியர் எடுத்துக்கொண்டார், என் சிபாரிசு இல்லாமலே. சேதி தெரிந்த அன்று அக்கா போன் செய்தாள்.

"அடியே, இதையும் யாரும் படிக்கலைன்னா இனிமே பேனாவே தொடமாட்டேங்கறார். வெளையாட்டுக்குச் சொல்லலை. நீ எதாச்சும் பண்ணு."

"நான் என்ன பண்றது? நான் பக்கம்தான் போடறேன், கூட்டம் சேக்கறதில்ல."

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. அந்த மனுஷர் லிஃப்ட் கிரீஸ் படிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

ஆகவே பாசம் பொங்கிவிட்டது. அத்தான் கட்டுரையின் தலைப்பைச் சிவப்பில் பெரிதாகப் போட்டேன். சுற்றிலும் கட்டம் கட்டினேன். கட்டத்துக்குள் வெளிர்மஞ்சள் அடித்தேன். ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அத்தான்னு நல்லாவே தெரியுது. பக்கம் தாங்கினா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு சோதனை. வரவேற்பு மேஜை அம்மாவின் விரல் மேலே பாடகியின் படத்தில் தொடங்கி, வரிசையாக இறங்கி, மஞ்சள் கட்டம் வந்ததும் ஒரே தாண்டாகத் தாண்டிக் கேள்வி-பதிலில் போய் நின்றது. டிரைவர் தாண்டினார். வாட்ச்மேன் தாண்டினார். கணினி பழுதுபார்க்க வந்தவரும் தாண்டினார். ஐந்தாவதாக, மாடி வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட். அவளும் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இவ்வளவு பெருசா போட்டிருக்கேன், இது கண்ணுல படலையா?"

"எது, அக்கா? அந்த விளம்பரமா?"

தலையில் அடித்துக்கொண்டேன். கட்டமும் கலரும் போட்டுக் கத்துகிற எதையும் கண் விளம்பரம் என்று ஒதுக்கிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற சங்கதி இது. சொந்தக்காரர் என்றதும் எனக்கே மறந்துபோய்விட்டது.

கட்டத்தை எடுத்தேன். சிவப்பையும் மஞ்சளையும் எடுத்தேன். மற்ற தலைப்புகளின் அளவுக்கே சுருக்கினேன். இப்போது கீழே ஒரு வரி வேண்டும், ஆளை நிறுத்துகிற வரி. அதற்குக் கட்டுரையைப் படிக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவரை நான் அதை முழுதாகப் படிக்கவே இல்லை. எத்தனை பக்கம், படம் உண்டா என்று மட்டும் பார்த்திருந்தேன். படித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தலைப்புக்குக் கீழே இதைப் போட்டேன்: "நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்கள், கதவு திறக்கப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறார்கள்."

ஒரு தடவை பார்த்த கண் மறு சோதனைக்கு உதவாது. கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் காத்திருந்தவர்களிடம் போனேன். வீங்கிய கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர், மற்ற கை விரலை அந்த வரியில் வைத்து எடுக்கவே இல்லை. அடுத்து இரண்டு பேர், அதே இடம். பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

இதழ் வெளிவந்த சனிக்கிழமை காலை அத்தானைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துப் புத்தகக் கடைக்குப் போனேன். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தார், வந்தார். தள்ளி நின்று வேடிக்கை பார்த்தோம். முதல் ஆள் அட்டையைப் பார்த்ததோடு வைத்துவிட்டார். இரண்டாவது ஆள் சில்லறை வாங்க வந்தவர். அத்தான், "போலாம்மா" என்றார்.

அப்போது நர்ஸ் உடுப்பில் ஒரு பெண் வந்தாள். புத்தகத்தை எடுத்து என் பக்கத்தைத் திறந்தாள். விரல் இறங்கியது, நின்றது. பிறகு நேராக ஐம்பத்தெட்டு. நின்றபடியே படித்தாள். தாளைத் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கச் சிரித்தாள். பஸ் வந்தது, முடித்துவிட்டுத்தான் தலை தூக்கினாள். புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்தீங்களா அத்தான்? ஓசியிலயே முழுசா முடிச்சிட்டுப் போறா. வாங்கினா குறைஞ்சா போயிடுவா?"

அத்தானைப் பார்த்தால் கண் கலங்கியிருந்தது. வாய் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது.

"தாளைத் திருப்பினதுக்கப்புறம் சிரிச்சாங்க, கவனிச்சியாம்மா? ஒரு வாரமா பேசிக்காத புருஷனும் பொண்டாட்டியும் உள்ள மாட்டிக்குவாங்க. நான் கதவு திறக்கப் போனா, இன்னும் பத்து நிமிஷம் கழிச்சுத் திறங்கன்னு ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லுவாங்க. அந்த இடம். அதை நான் ஒம்பது தடவ அடிச்சு எழுதினேன்."

"சரி, வீட்டுக்குப் போலாமா? அக்கா காத்துட்டிருப்பா."

"நீ போம்மா. நான் ஒரு நோட்டு வாங்கிட்டு வரேன்."