சிக்கு விழுந்த கோடுகள்

வனத்துறை அலுவலக மாடியில் வரைபடப் பிரிவின் பழைய கணினியை மூட்டை கட்டும் நாள் அது. காட்டின் எல்லை, ஓடை, பாதை எல்லாம் புதிய இயந்திரத்துக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தவை மூலப்பதிவுகள் மட்டும்தான். காவலர்கள் ஜிபிஎஸ் கருவியோடு காட்டைச் சுற்றி நடந்தபோது அது தானாகப் போட்டுக்கொண்டே வந்த கோடுகள் அவை. சுத்தம் செய்த கோடு இருக்கும்போது கரடுமுரடானது எதற்கு என்று மேலிடம் சொல்லிவிட்டது. மேலிடத்துக்கு என்ன, வாயால் ஒரு வார்த்தை. சாயங்காலம் எல்லாம் அழிந்துவிடும்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் நடந்ததும் இதுலதான் இருக்கு," என்றார் சர்வர். கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. அவரிடம் காபி கேட்டுச் சீண்டாதவர் அங்கே யாரும் இல்லை. "எல்லாத்தையும் காப்பாத்த முடியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. புதுசுல ஒரு மூலையில போட்டுடறேன்."

அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் கோடு வேண்டும் என்றாள். கணவர் இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அந்த ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தது.

நடக்கிற வரைக்கும் ஜிபிஎஸ் ஒழுங்காகக் கோடு போடும். ஆள் உட்கார்ந்துவிட்டால் போச்சு. அங்கே இங்கே என்று புள்ளிகளைச் சிதறவிட்டு, பூனை கையில் கிடைத்த நூல்கண்டு மாதிரி ஆக்கிவிடும். பிரிவில் அதற்குச் சிக்கு என்று பெயர். கோட்டிலிருந்து சிக்கு எடுத்து, காட்டின் எல்லையை நேராக்கித் தருவதுதான் இத்தனை வருடமாக அவள் வேலை.

முதல் கோட்டைத் திறந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வரைபடமும் தரையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அவளும் காட்டுக்குப் போவாள். எல்லைக் காவலரான அவர் முன்னால் நடப்பார், அவள் பின்னால். இந்தக் கோடு விழுந்த அன்று ஓடைக்கரையில் சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடவே இல்லை. எச்சிலை விழுங்கி விழுங்கி, கடைசியில், "உங்க வீட்ல வந்து பேசலாமா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் கருவியின் திரையில் ஒரு பெரிய சிக்கு விழுந்துவிட்டது. மறுநாள் மேசைக்கு வந்த கோட்டில் அதைப் பார்த்து, சிரித்துக்கொண்டே அவளேதான் எடுத்தாள். இப்போது அந்தச் சிக்கு மறுபடியும் கண்முன்னால். சந்தோஷத்தில் அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் சிக்கோடுதான் கோட்டைக் கொண்டுவந்து போடுவார். "நீங்களே எடுத்துட்டுக் குடுத்தா கை தேஞ்சிடுமா?" என்று திட்டுவாள். "நடக்கிறது என் வேலை, சிக்கு எடுக்கிறது உன் வேலை," என்பார். ஆனால் கடைசி வருடம் மட்டும் மனிதர் திருந்திவிட்டார். தானே கணினியில் உட்கார்ந்து, எல்லாம் எடுத்து, பளிச்சென்று கொடுத்தார். தலைகீழாக நின்றாலும் வராதது வந்துவிட்டதே என்று அவள் அலுவலகம் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டாள்.

அந்தப் பெருமையை இன்னொரு தரம் பார்க்கலாம் என்றுதான் கடைசிப் பதிவைத் திறந்தாள்.

அவர் சிக்கு எடுப்பதற்கு முன் கருவி போட்டது அது; கோடாகவே இல்லை. புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே ஒரு சிக்கு. மேடு ஏறும் இடத்தில் ஒன்று. ஏறி முடித்ததும் ஒன்று. அப்புறம் சமதரையிலேகூட அடுத்தடுத்து. உட்கார்ந்து, எழுந்து, நாலடி நடந்து, மறுபடி உட்கார்ந்திருக்கிறார். முந்தின மாதம் பார்த்தாள், அதற்கு முந்தினதும் பார்த்தாள். எல்லாம் அப்படியேதான் இருந்தன. மருத்துவமனையில் சேர்க்கும் வரைக்கும், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்," என்று சொன்ன மனிதர். அவள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே, வராத வேலையைக் கற்றுக்கொண்டு சிக்கு எடுத்திருக்கிறார்.

நேரம் கழித்து வந்த அன்றெல்லாம், "யார்கூட அரட்டை அடிச்சிட்டு வர்றீங்க?" என்று அவள் கேட்டதும், அவர் சிரித்து மழுப்பியதும் இப்போது நினைவுக்கு வந்தன. அவர்மேல் பொல்லாத கோபம் வந்தது. சொல்லியிருந்தால் என்ன? அதட்டி வீட்டில் உட்கார வைத்திருப்பாளே. அதனால்தான் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கன்னம் நனைந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

அந்தக் கடைசிக் கோட்டின் முதல் சிக்கின்மேல் சுட்டியை வைத்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று கருவி குறித்து வைத்திருந்தது. அவளும் அவ்வளவு நேரம் கையை எடுக்காமல் இருந்தாள். பிறகு அடுத்ததற்குப் போனாள்.

சர்வர் திரும்பி வந்தபோது பாதித் தூரம்தான் ஆகியிருந்தது.

"அக்கா, நேரமாச்சு. அந்த முதல் கோடுதானே?"

"இல்ல. இதை வையுங்க."

அவர் குனிந்து பார்த்தார். "இதையா? ஒரே சிக்கா இருக்கே. அந்தக் கல்யாணக் கோட்டை விட்டுட்டா அப்புறம் கிடைக்காதுக்கா."

"அதுல நான் கூட இருந்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள் அவள். "இதுல அவர் தனியா உட்கார்ந்திருக்காரு."