ஞாயிற்றுக்கிழமை விறகு

ஆகஸ்ட் 9, ஞாயிறு.

கணக்கில் ஒரு நாளை விட்டுவிட்டேன். சின்னத் தவறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் பகலில் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை எண்ணி வாங்குகிறவள். அங்கே மறந்து வைத்த குடையை எடுக்க இன்று மதியம் போனபோது தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். எங்கள் புகைபோக்கியில் மெலிதாகப் புகை. பாய்லர்காரர் பனியனோடு வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு லீவுதானேண்ணே?"

"லீவு உனக்கு. நெருப்புக்கு யாரு குடுத்தா? அணைச்சுட்டா மறுபடி மூட்டறதுக்குள்ள விறகும் போயிடும், என் உயிரும் போயிடும். அதான் கங்கு கெடாம பாத்துக்கறேன்."

அவர் அடுப்பில் போட்டிருந்த விறகையும் போடப்போவதையும் கேட்டுக் கூட்டினேன். வேலை நாளில் எரிவதில் பாதி.

மாலை வகுப்பில் சூழல் தடம் கணக்கிடக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஓர் இடம் எரிப்பதும் செலவழிப்பதும் மறுபடி விளைய எவ்வளவு காடும் நிலமும் வேண்டும் என்று ஹெக்டேரில் சொல்வது. எங்களுக்குத் துணி அனுப்பும் ஓட்டல், இருநூறு ஹெக்டேருக்குள் இருந்தால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம் என்றது. கணக்கு என் தலையில் விழுந்தது. ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை, ஒவ்வொரு தள்ளுவண்டி விறகையும் நிறுத்தேன். நூற்றுத் தொண்ணூற்று நான்கு வந்தது. மூன்று முறை சரிபார்த்தேன். ஆறு நாளைத்தான் மூன்று முறையும் சரிபார்த்திருக்கிறேன். ஞாயிறைச் சேர்த்தால் இருநூற்று எட்டு.

மேற்பார்வையாளருக்கு விசில் என்று பெயர். ஆட்களை வாயால் ஊதித்தான் கூப்பிடுவார். போனில் சொன்னேன்.

"லீவு நாள்ல துணி வெளுத்தமா? இல்லல்ல? அப்ப கணக்கும் கெடையாது. நாளைக்கு மத்தியானம் ஓட்டல்காரங்க வராங்க. பழைய நம்பரையே குடு. படிப்ப வகுப்போட வெச்சுக்க."

வீட்டில் சித்தி வெந்நீரில் மணிக்கட்டை ஊறவைத்திருந்தாள். அவளும் அங்கேதான் இஸ்திரி போடுகிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்தாள்.

"உன் கணக்குல அங்க வேலை செய்ற நாங்க பன்னெண்டு பேரு எங்கடி வர்றோம்?"

"வரமாட்டீங்க சித்தி. காடும் நெலமும்தான் வரும்."

"நல்ல கணக்கு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பாய்லர்காரர் சொன்னதையே மனம் திரும்பத் திரும்ப ஓட்டியது. அணைத்தால் விறகு அதிகம் போகும். அதை யார் நிறுத்துப் பார்த்தது? சனிக்கிழமையே அணைத்து, திங்கள் மூட்டுவதற்கு ஆகும் கூடுதல் விறகு ஞாயிறு விறகில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடங்கினால் இருநூறுக்குள் நிற்போம். இனி வாராவாரம் அப்படியே அணைத்து மூட்டவும் வேண்டும். இதிலும் எதையாவது விட்டிருப்பேனோ? ஓர் இரவு ஆறிய பாய்லரும் ஒன்றரை நாள் ஆறியதும் ஒன்றில்லை. ஆனால் கையில் இருப்பது இந்த ஓர் இரவுதான்.

பொழுது சாய்வதற்குள் திரும்ப ஓடினேன்.

இன்றிரவு அணைக்கச் சொன்னதும் பாய்லர்காரர் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார். "ஏழு மணிக்கு ஆவி ஏறலன்னா இஸ்திரி ஓடாது. எட்டுக்கு ஓட்டல் வண்டி வந்து நிக்கும். துணி ரெடியா இல்லன்னா உன் ஹெக்டேரே வேணாம், அதுக்கே நம்மள வெட்டி விட்டுடுவாங்க. பதில் நீ சொல்றியா?"

"சொல்றேன்."

"விசிலுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வெளங்கிடும்," என்றார். பிறகு அடுப்பின் கதவைத் திறந்து, நீளக் கரண்டியால் கங்குகளைத் தரையில் இழுத்துப் போட்டார். சிவந்து கிடந்தவை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கறுத்தன.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். அவள் அலாரத்தை எடுத்துத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். ஜன்னலில் எங்கள் புகைபோக்கி தெரிகிறது. வெறும் குழாயாக நிற்கிறது. அதை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

நாளை: விடியற்காலை தராசோடு பாய்லர் அறை. அடுப்பில் போடுமுன் ஒவ்வொரு கட்டையையும் நிறுக்கவேண்டும்.