நூற்றிருபதாவது மரம்

ஆறாவது கூடை நிரம்புவதற்குள் டெரெக்குக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. வேலியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் வெள்ளை எல்டர் பூவைப் பனி உலர்ந்த பிறகுதான் பறிக்க வேண்டும். நனைந்த பூவில் மகரந்தம் நிற்காது. மகரந்தம் போனால் அதில் காய்ச்சி விற்கும் சர்பத்தில் மணமே இருக்காது. இங்கிலாந்தின் எசெக்ஸில் ஜூன் மாத வெயிலை நம்பி யார் உட்கார்ந்திருப்பது? அடிக்கிற இரண்டு மணி நேரத்துக்குள் ஓடி ஓடிப் பறித்தாக வேண்டும். அதிலும் மூன்றில் ஒரு பங்கைப் பறிக்காமல் பழுக்க விட வேண்டும், அது பறவைகளுக்கு என்பது அவன் மனைவி லின் போட்ட சட்டம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த எல்டர் வேலியை அவன் நட்டதே ஆலிவ் கன்றுகளுக்குக் காற்று மறைப்பாகத்தான். பதினோரு வருடம், ஒரு சொட்டு மருந்தடிக்காமல் வளர்த்த நூற்றிருபது ஆலிவ் மரம். இத்தாலி வெயிலில் விளைவதை இங்கே வளர்ப்பதால் ஊரில் அவனுக்கு இத்தாலிக்காரன் என்றே பேர். காவலுக்கு வந்தது கொழித்து நிற்க, ஆலிவ் பிப்ரவரி உறைபனியில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறினால் போதும். உள்ளே பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் கதை முடிந்தது. மார்ச் போய் ஜூன் வந்தும் அவன் கீறிப் பார்க்கவில்லை. பயம், வேறென்ன. பூ வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டான். லின்னும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமல் இருப்பது அவள் சுபாவமே இல்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

இன்று இடுப்பைச் சாக்கிட்டு ஆலிவ் வரிசைக்குள் போனான். முதல் மரத்தில், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கமாக, ஏற்கெனவே ஒரு நகக்கீறல் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் தானும் கீறினான். பழுப்பு. அடுத்த மரத்திலும் கீறல், அதற்கடுத்ததிலும். வரிசை வரிசையாக நடந்தான். லின்னின் நகம்தான்; வழியில் ஒன்றையும் அவள் விடவில்லை, ஒன்றிலும் பச்சை இல்லை. பதினோரு வருடம் போனதைவிட, இதைத் தெரிந்துகொண்டே இத்தனை நாள் எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாளே என்பதுதான் அவனுக்குப் பெரிதாகப் பட்டது.

கடைசி மரம், லின் பூப் பறித்துக்கொண்டிருந்த வேலியோரம் நின்றது. அதன் பட்டை மட்டும் முழுசாக இருந்தது. இரண்டு தரம் சுற்றிவந்து பார்த்தான்.

"நூத்திப் பத்தொம்போது பாத்தேன், கிழவா. அதுக்கு மேல முடியல," என்றாள் லின். அவள் கை பறிப்பதை நிறுத்தவில்லை. "வேணும்னா நீ பாரு."

அவன் கட்டைவிரலைப் பட்டையில் வைத்தான். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது, மழை வந்தால் மிச்சப் பூவும் போச்சு.

காலிக் கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றான். மரத்தில் கீறல் இல்லை. மகரந்தம் அப்பிய கட்டைவிரலின் மஞ்சள் ரேகை மட்டும் பட்டையில் ஒட்டியிருந்தது.